எட்டுப் போடுமுன் ஒரு பரீட்சை!

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஓர் எண்தான். எட்டு! "எட்டுப் போட்டாயா?", "கால் ஊன்றாமல் போட்டாயா?" என்று கேட்பார்களே தவிர, வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். தரையில் கிழித்த கோட்டின் மேல் வண்டியை வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். நம் ஜனங்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று செல்லமாக அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். கால் தரையில் பட்டதா, போச்சு!

ஆனால் அந்த எட்டுக்கு முன்னால் இன்னொரு பரீட்சை இருக்கிறது. அதில் வண்டி கிடையாது, பெட்ரோல் கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு திரை, சில கேள்விகள். அவ்வளவுதான். அதில் தேறினால்தான் எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் கையில் வரும். அது வந்தால்தான் வண்டியைத் தெருவில் இறக்கிப் பழகலாம். "எல்.எல்.ஆர். தானே? போனால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்!" என்று சொல்லிக்கொண்டு போனவர்களில் பலர், தொங்கிய முகத்தோடு திரும்பி வந்ததை எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் பார்க்கலாம். பட்டம் பெற்றவர்களும் அவர்களில் உண்டு.

அப்படி என்னதான் கேட்கிறார்கள்?

நான்கே பாடங்கள்

1939-ஆம் வருஷத்து மோட்டார் சட்டத்தை மாற்றி 1988-ல் புதுச் சட்டம் செய்தார்கள். அதையொட்டி 1989-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அவற்றில் 11-வது விதிதான் இந்தப் பரீட்சையின் பாடத்திட்டம். பள்ளிக்கூடப் பாடத்திட்டம்போல் நீளமானது அல்ல. நான்கே தலைப்புகள். சாலைக் குறிகள், விளக்குகள், சாலை விதிகள் ஆகியவை முதலாவது. விபத்து நேர்ந்தால் ஓட்டுபவர் செய்ய வேண்டிய கடமை இரண்டாவது. ஆளில்லா ரயில்வே கேட்டைத் தாண்டும்போது எடுக்க வேண்டிய ஜாக்கிரதை மூன்றாவது. வண்டியில் போகும்போது கைவசம் இருக்க வேண்டிய பத்திரங்கள் நான்காவது. நூற்றுக்கு அறுபது வாங்கினால் பாஸ். தமிழிலேயே எழுதலாம்.

மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், பரீட்சைக்கு 50 ரூபாய் என்று 2016-ல் கட்டணம் நிர்ணயித்தார்கள். உடல்நிலை நன்றாக இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர் மட்டும் டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். கியர் உள்ள வண்டிக்கா, கியர் இல்லாத வண்டிக்கா என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் வாங்கிவிட்டு, மைத்துனரின் புல்லட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அது உரிமமே இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம்.

வரிசையில் நின்ற பெண்கள்

2018-ம் வருஷத் தொடக்கத்தில் இந்தப் பரீட்சைக்குத் தமிழ்நாட்டில் திடீரென்று ஒரு மவுசு வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதை அரசாங்கம் மானியமாகத் தரும் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தோடு லைசென்சோ எல்.எல்.ஆரோ வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான், ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் கூட்டம் நெரிந்தது. கையில் குழந்தையோடும், தூக்குவாளியில் மத்தியானச் சாப்பாட்டோடும் பெண்கள் வந்து நின்றார்கள். திட்டம் பிறகு நின்றுபோயிற்று. ஆனால் அந்த வரிசையில் நின்று பழகிய பெண்களைப் பார்த்து, அவர்களுடைய தங்கைகளும் அண்டை வீட்டாரும் வரத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

அப்படி வந்த ஓர் அம்மாளை 2022-ல் வந்தவாசிப் பக்கம் சந்தித்தோம். பெயர் வேண்டாம் என்றார். வயது முப்பத்தாறு. அங்கன்வாடியில் உதவியாளர். வேலை செய்யும் ஊர், வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. காலை பஸ்ஸை விட்டால் நடைதான். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாதம் ஒரு முறை வருவார். அவர் வாங்கிப் போட்ட மொபெட் வீட்டில் நிற்கிறது.

சும்மா நிற்கவில்லை. பதினைந்து வயதுப் பையன் ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸை விட்ட நாட்களில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதே வண்டியில் பள்ளிக்கூடம் போய்விடுவான். ஊரில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. "கெட்டிக்காரப் பையன்" என்றுதான் சொன்னார்கள்.

இந்த அம்மாள் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்ததே, பையனைத் தினமும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான். படித்தது வேறு திசையில் கொண்டுபோய் விட்டது. அதைப் பிறகு சொல்வோம்.

ஓரத்தைப் பார், படத்தைப் பிறகு பார்!

டிரைவிங் ஸ்கூலில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். அதில் வரிசை வரிசையாகக் குறிகள். பார்த்ததும் தலை சுற்றியதாம். நூறு படத்தை எப்படி மனப்பாடம் செய்வது?

"அக்கா, படத்தை மனப்பாடம் பண்ணாதீங்க. முதல்ல ஓரத்தைப் பாருங்க. வட்டமா, முக்கோணமா, கட்டமா? அதுலேயே பாதி பதில் வந்துடும்" என்றாராம் சொல்லிக்கொடுக்கும் தம்பி.

சரியான யோசனை. சிவப்பு ஓரம் போட்ட வட்டம் என்றால் உத்தரவு, மீறினால் குற்றம். சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம் என்றால் எச்சரிக்கை. முன்னால் ஏதோ இருக்கிறது, பார்த்துப் போ. நீலக் கட்டம் என்றால் தகவல்; பெட்ரோல் பங்க் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொல்வது. நீல வட்டத்தில் வெள்ளை அம்பு இருந்தால், அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று கட்டளை. இந்த ஒழுங்குக்கு அடங்காத இரண்டு குறிகள் உண்டு. 'நில்' என்பதற்கு எட்டு மூலை. 'வழி விடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். இவை இரண்டும் வேண்டுமென்றே தனி உருவத்தில் இருக்கின்றன. புழுதி படிந்து எழுத்து மறைந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், வடிவத்தைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு குறுக்கே போனால், வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் போனால், ஒரு நிமிஷம்கூட நிற்கவே கூடாது. ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

நீராவி எஞ்சின் இன்னும் ஓடுகிறது

ரயில்வே கேட்டுக்கு இரண்டு குறிகள். முக்கோணத்துக்குள் கேட் படம் இருந்தால் காவலாள் உள்ள கேட். எஞ்சின் படம் இருந்தால் ஆளில்லாத கடவு. அந்த எஞ்சினைக் கவனித்துப் பாருங்கள், புகைபோக்கியோடு கூடிய நீராவி எஞ்சின்! நம் பிள்ளைகளில் பலர் அந்த எஞ்சினை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அகலப்பாதையில் இருந்த ஆளில்லாக் கடவுகள் அத்தனையையும் 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. ஆனாலும் பாடத்திட்டத்தில் அந்தத் தலைப்பு அப்படியே இருக்கிறது. இருக்கட்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அங்கே சட்டம் சொல்லும் வழி மிகவும் அழகானது. வண்டியை நிறுத்த வேண்டும். கூட ஒருவர் இருந்தால் அவர் இறங்கித் தண்டவாளம் வரை நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். யாரும் இல்லாவிட்டால் ஓட்டுபவரே இறங்கிப் பார்க்க வேண்டும். ரயில் வரவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே கடக்க வேண்டும். கேட் இல்லாத ஒவ்வொரு முச்சந்தியிலும் மனசுக்குள்ளாவது இறங்கிப் பார்த்தால் எத்தனை உயிர் மிஞ்சும்!

யாருக்கு வழி?

சாலை விதிகளில் அம்மாளுக்குப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது.

"பெரிய வண்டி வந்தா நாமதானே தம்பி ஒதுங்கணும்?"

"ரோட்டுல அப்படித்தான் அக்கா. பரீட்சையில அப்படி இல்லை."

சிரிப்பு வந்தாலும், இந்தப் பரீட்சைக்குத் தயார் செய்பவர்கள் இந்தப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளலாம். நாம் தினமும் தெருவில் பார்ப்பது ஒன்று. திரையில் கேட்பது வேறு. விளக்கும் போலீஸ்காரரும் இல்லாத சந்திப்பில், பிரதான சாலையில் வருகிறவருக்கு முதல் வழி. இரண்டும் சமமான சாலை என்றால் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி. ரவுண்டானாவில் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி. வரிக்குதிரைக் கோட்டில் கால் வைத்துவிட்ட பாதசாரிக்கு வழி. லாரியின் அளவோ ஹாரனின் சத்தமோ எங்கேயும் கணக்கில் வரவில்லை.

ஏற்காடு, கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒன்று. குறுகலான மலைப்பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால், இறங்கி வருகிற வண்டிதான் நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏன் தெரியுமா? ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம். பின்னால் உருளவும் கூடும். விதியை இப்படிக் காரணத்தோடு தெரிந்துகொண்டால் மறக்காது. வெறுமனே நெட்டுருப் போட்டால் பரீட்சை ஹாலில் காற்றோடு போய்விடும்.

கைச் சைகைகளையும் படிக்க வேண்டும். வலக்கையை நேராக நீட்டினால் வலது பக்கம் திரும்புகிறோம். நீட்டிய வலக்கையை இடஞ்சுழியாகச் சுழற்றினால் இடது பக்கம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறோம். இவை எல்லாம் வலக்கை வேலை. மோட்டார் சைக்கிளிலோ ஆக்ஸிலேட்டர் வலக்கையில். முன் பிரேக்கும் வலக்கையில்! கையை எடுத்தால் வண்டி தளரும். ஆகவே முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். இண்டிகேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், அது எரியாத வண்டிகள் எத்தனை ஓடுகின்றன என்று ஒரு நாள் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.

பதில்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம். "ஹாரன் அடித்துக்கொண்டே வேகமாகப் போய்விட வேண்டும்" என்ற மாதிரி ஒரு விடை அடிக்கடி எட்டிப் பார்க்கும். நம்மில் பலர் செய்வது அதுதான். சரியான விடையாக அது வருவது மிகவும் அபூர்வம்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி வந்ததைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு விநாடி போய்விட்டால், ஒரு பஸ்ஸும் பாதி பஸ்ஸும் சேர்ந்த நீளத்தைத் தாண்டியிருப்போம். பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்கு அப்புறம்தான். அதோடு, வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

அடிபட்டவரை விட்டு ஓடினால்

விபத்து பற்றிய பாடம் சிறியது. ஆனால் நெஞ்சில் தைப்பது. நம் வண்டியால் ஒருவருக்கு அடிபட்டால், அவரைப் பக்கத்து டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக முடிந்த எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் 134-வது பிரிவு. கூட்டம் ஆவேசப்பட்டு அடிக்க வருகிற நிலைமையில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. சட்டம் எழுதியவர்கள் நம் ஊர்த் தெருக்களை நன்றாக அறிந்தவர்கள்! அங்கே நிற்க முடியாமல் போனாலும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் சம்பிரதாயங்களுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. உதவி செய்ய வந்த வழிப்போக்கரை வழக்கில் இழுத்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்று 2019-ல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்.

பெயரில்தான் ஐம்பது!

இனி அம்மாளின் கதைக்கு வருவோம். சட்டத்தில் வயதுப் பகுதியைப் படிக்கும்போது, பையனே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். பதினெட்டு வயது நிரம்பினால்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் உள்ள வண்டியைப் பதினாறிலேயே ஓட்டலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. பையன் குதித்தான்.

"பாரும்மா! நம்மளது பிஃப்டி தானே? இன்னும் ஒரு வருஷம்தான்!"

நம் ஜனங்களுக்கு மொபெட் என்றாலே 'டி.வி.எஸ். பிஃப்டி' தான். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த அந்த வண்டி, பால் கேனும் உரமூட்டையும் வாழைத்தாரும் சுமந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டு வண்டியின் இடத்தையே பிடித்துக்கொண்டது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் பின்னால் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. அம்மாள் வீட்டில் நிற்பது அதுதான். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையன் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் டிரைவிங் ஸ்கூலில் அம்மாள் இதைக் கேட்டிருக்கிறார். அந்தத் தம்பி 2019-ல் சேர்ந்த 199-ஏ பிரிவை விளக்கினார். வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெற்றவரும் வண்டிக்காரரும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"அபராதம்கூடப் பெரிசில்லைங்க. இருபத்தஞ்சு வயசு வரைக்கும்னு சொன்னாரு பாருங்க, அப்பத்தான் வயித்தைக் கலக்குச்சு. அவனுக்கு போலீஸ் வேலைக்குப் போகணும்னு ஆசை" என்றார் நம்மிடம்.

அன்று சாயந்திரம் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். பையன் இரண்டு நாள் பேசவில்லை. "ஊர்ல எல்லாரும்தான் ஓட்டறாங்க" என்று முணுமுணுத்தான். தொலைபேசியில் தகப்பனாரும், "ஏன் இப்படிப் பயப்படறே? நம்ம ஊர்ல யார் பிடிக்கப் போறாங்க?" என்றார். அம்மாள் அசையவில்லை. சாவி பானைக்குள்ளேயே கிடந்தது. பஸ்ஸை விட்ட இரண்டு நாட்கள் ஒன்பது கிலோமீட்டரும் நடந்தே போனார். இரவில் வேலையெல்லாம் முடித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்.

சீமையில் எப்படி?

இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் தனி எழுத்துப் பரீட்சை 1996-ல்தான் வந்தது. அதற்கு முன் ஓட்டிக் காட்டும் பரீட்சையின்போதே அதிகாரி சில கேள்விகள் கேட்பார். அங்கே 50 கேள்விகள், 57 நிமிஷம். 43 சரியாக இருந்தால்தான் பாஸ். அதோடு விட்டார்களா? 2002 முதல் சாலைக் காட்சிகளைப் படமாக ஓட்டி, அபாயம் தலைகாட்டும் கணத்தில் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். பதினான்கு படங்கள், 75 மதிப்பெண்ணுக்கு 44 வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பொத்தானை ஓயாமல் தட்டுகிறவருக்கு அந்தப் படத்துக்குச் சைபர்!

நமக்கு வேண்டிய செய்தி ஒன்று. காதில் கேட்கும் ஒலிப்பதிவாகப் பத்தொன்பது அயல் மொழிகளில் அங்கே கேள்விகளைக் கொடுத்துவந்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அங்கே பரீட்சை எழுதும் ஈழத் தமிழர்கள் ஆங்கிலம் தெரிந்துகொண்டே போக வேண்டியதாயிற்று. சொந்த மொழியில் கேள்வி வருவது எவ்வளவு பெரிய வசதி என்பது நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை.

அன்றைய தினம்

பரீட்சைக்கு அம்மாள் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கேள்வி தெரியும், விடையும் தெரியும். மவுஸைப் பிடித்த கைதான் நடுங்கியது. முதல் கேள்விக்குச் சுட்டி தவறான கட்டத்தில் போய் நின்றுவிட்டது. பக்கத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் மளமளவென்று தட்டிவிட்டு எழுந்தான், அவன் ஃபெயில். இவர் ஒவ்வொரு கேள்வியையும் உதடசைத்து முழுக்கப் படித்தார். ஆஸ்பத்திரி பக்கத்தில் என்ன செய்ய வேண்டும்? ஹாரன் அடிக்கக் கூடாது. எஞ்சின் படம் போட்ட முக்கோணம்? ஆளில்லாத கடவு. நீல வட்டத்தில் சிவப்புக் கோடு வந்தபோது, ஒன்றா இரண்டா என்று விரலை நீட்டி எண்ணினார். முடித்து வெளியே வந்தபோது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாஸ்!

பழகுநர் உரிமம் ஆறு மாதத்துக்குச் செல்லும். முப்பது நாள் கழிந்த பிறகு எட்டுப் போடப் போகலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பாக 'எல்' எழுத்து இருக்க வேண்டும். தலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட், அதுவும் தாடைவாரை மாட்டியபடி. பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, லைசென்ஸ் உள்ள பயிற்சியாளரைத் தவிர.

இந்தக் கடைசி விதியால் ஒரு தொல்லை. பையனைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட முடியாது. எனவே அவன் தகப்பனாரின் பழைய சைக்கிளுக்கு இரண்டு டயரும் மாற்றிக்கொண்டான். பயிற்சியாளரை ஏற்றிக்கொண்டு முதல் நாள் அம்மாள் மொபெட்டை ரோட்டில் இறக்கியபோது, மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகவில்லையாம். பையன் சைக்கிளில் பின்னாலேயே வந்து, முச்சந்தியில், "அம்மா, வலப்பக்கம் பாரு! வலப்பக்கம்!" என்று கத்தினானாம்.